சேர்க்கக் கூடாத கோடு

விடைத்தாள் கட்டு பள்ளிக்கூட பீரோவில் பூட்டிக் கிடந்தது. ஆனால் அதில் தணிகாசலம் இழுத்திருந்த சிவப்புக் கோடு மட்டும் மஞ்சுளாவின் கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

தேங்காய் துருவும்போதும் அதே நினைப்பு.

"தேங்கா மேல இன்னா கோவம் உனுக்கு?" என்றாள் மாமியார் சுந்தராம்பாள். "ஓடு வரைக்கும் துருவிகினு கீறே. கருப்பா வுழுது பாரு."

மஞ்சுளா துருவலைத் தள்ளி வைத்தாள். கருப்பு கலந்துதான் போயிருந்தது.

காலாண்டுப் பரீட்சையில் பிளஸ் ஒன் கணக்குத் தாளில் ஒரு கேள்வி. ஒரே சார்பு, அதற்கு இரண்டு விதி. கொடுத்த எண் இரண்டைவிடச் சிறியது என்றால் அதோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். இரண்டோ அதற்கு மேலோ என்றால் மூன்றைக் கூட்ட வேண்டும். இதற்கு வரைபடம் போடு என்பது கேள்வி. போட்டால் ஒரு கோடு மூன்றின் உயரத்தில் நின்றுபோகும். அதே இடத்தில் இன்னொரு கோடு ஐந்தின் உயரத்தில் தொடங்கும். நடுவில் உள்ள இடைவெளியை அப்படியே விட்டுவிட வேண்டும்.

மஞ்சுளாவின் ஏ பிரிவு மாணவி முத்துச்செல்வி அப்படித்தான் விட்டிருந்தாள். நின்றுபோன முனையில் வெற்று வட்டம், தொடங்கிய முனையில் நிரப்பிய வட்டம். மஞ்சுளா சொல்லிக்கொடுத்தபடி, புதுப் பாடப்புத்தகத்தில் இருக்கிறபடி.

ஏ பிரிவுத் தாளை பி பிரிவு ஆசிரியர் திருத்துவது அந்தப் பள்ளியின் வழக்கம். தணிகாசலம் திருத்தினார். சிவப்புப் பேனாவால் இரண்டு முனைகளையும் நெட்டுக்குத்தாக இணைத்தார். பக்கத்தில் பெரிய சுழியம் போட்டார். அந்தச் சுழியத்தால் முத்துச்செல்விக்குக் கணக்கில் தேறுவதற்கு மூன்று மதிப்பெண் குறைந்துபோயிற்று.

தேறாதவர்களைக் கணக்குப் பிரிவிலிருந்து எடுத்து, மாடியில் இருக்கும் தொழிற்பிரிவில் போடப் போவதாகத் தலைமையாசிரியர் போன வாரமே அறிவித்துவிட்டார். இன்றைக்குக் காலைப் பிரார்த்தனையில் பெயர் படிக்கிறார்கள்.

தணிகாசலம் வேறு யாரோ ஒரு வாத்தியாராக இருந்திருந்தால் மஞ்சுளா இந்நேரம் சண்டை போட்டு முடித்திருப்பாள். அவர் அவளுடைய சின்ன மாமனார். கணவன் எழிலரசனுக்கு அப்பா ஸ்தானத்தில் இருப்பவர். போன ஜூன் மாதம் இந்தப் பள்ளியில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரேதான்.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. நைட் ஷிப்ட் முடிந்து எழிலரசன் வந்தான். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. யூனிஃபார்மில் கிரீஸ் வாடை.

"இன்னாம்மா, இன்னும் கெளம்பலியா?" என்றான் மஞ்சுளாவைப் பார்த்து.

"போறேன். போய் உங்க சித்தப்பாவ ஒரு தடவ கேக்கப் போறேன்."

அவன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினான்.

"மஞ்சு, ஒரு வாரமா இதையே பேசிகினு கீறே. ஒரு கணக்குதானே? வுட்டுடு."

"ஒரு கணக்கு இல்லீங்க. ஒரு பொண்ணு."

"எனக்கு எட்டாவது படிக்கசொல்ல அப்பா செத்துப் பூட்டாரு. பாலிடெக்னிக்ல சேத்தது யாரு? மாசாமாசம் ஹாஸ்டலுக்கு வந்து எட்டிப் பாத்தது யாரு? இன்னிக்கு நான் துன்ற சோறு அவரு போட்டது."

"நான் இல்லேன்னு சொன்னேனா? நீங்க சாப்பிட்ட சோத்துக்கு அந்தப் பொண்ணு எதுக்குங்க பட்டினி கெடக்கணும்?"

சுந்தராம்பாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கணக்கு அவளுக்குப் புரியாது. குரல் ஏறுவது புரிந்தது.

"இன்னிக்கு கிருத்திகை. சாயந்திரம் வல்லக்கோட்டைக்குப் போவணும். தணிகாசலம் தம்பியும் வருது. மூஞ்ச தூக்கி வெச்சிகினு வராதே, ஆமா" என்றாள்.

மஞ்சுளா சாப்பிடாமலே பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

*

பிரார்த்தனை முடிந்ததும் பெயர்களைப் படித்தார்கள். முத்துச்செல்வியின் பெயர் கடைசிக்கு முந்தியது. வரிசையிலிருந்து விலகி அவள் தனியாக நின்றாள். எண்ணெய் தேய்த்துப் பின்னிய இரட்டைச் சடை. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா மாரிராஜ் குடோனில் லோடு ஏற்றுகிறவர். பெயர் படிக்கப்பட்டவர்கள் பலரும் அழுதார்கள். அவள் அழவில்லை. மஞ்சுளாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

இரண்டாம் பீரியடில் ஆசிரியர் அறையில் தணிகாசலத்தைப் பிடித்தாள். அவர் டிபன் பாக்ஸ் மூடியில் காபி ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். அறையில் இன்னும் நாலைந்து பேர்.

"சார், அந்தக் கணக்க மறுபடி பாருங்க" என்று பாடப்புத்தகத்தை விரித்து அவர் முன்னால் வைத்தாள். "புத்தகத்துலயே இடைவெளி விட்டுத்தான் போட்டிருக்கு."

"அச்சுப் பிழை."

"வட்டம் கூடவா சார் அச்சுப் பிழை? ஒண்ணு வெத்து வட்டம், இன்னொண்ணு நெரப்பினது. வேணும்னுதான போட்டிருக்காங்க?"

"வரைபடம்னா பேனாவ எடுக்காம போடறது. பாதியில உடைஞ்சு நிக்கறதுக்குப் பேரு வரைபடமா? இருபத்தெட்டு வருஷமா இதைத்தான் சொல்லிக் குடுக்கறேன். எத்தனை பேர் இன்ஜினியர் ஆயிருக்கான் தெரியுமா?"

"அவங்க இன்ஜினியர் ஆனது நல்ல விஷயம் சார். ஆனா இது தப்பு."

காபி ஆற்றுவது நின்றது.

தணிகாசலம் மெதுவாகத்தான் பேசினார். எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்று பேசினார்.

"இந்த ஸ்கூல்ல உன்ன யாரு சேத்துவுட்டதுன்னு ஞாபகம் கீதா? பி.எட். முடிச்சுட்டு வூட்ல மாவு ஆட்டிகினு இருந்தே. நான்தான் ஹெச்.எம். கிட்ட போய் நின்னேன். எங்க அண்ணன் மருமவள்னு நின்னேன்."

தமிழாசிரியை தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மஞ்சுளாவின் காது மடல் சுட்டது. சொல்வதற்கு நூறு வார்த்தை வாய்வரை வந்தது. புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வராந்தாத் தூணில் கையை ஊன்றி நின்றாள். அவமானத்தால் அப்படி நிற்கிறாள் என்று அவளைப் பார்த்த பியூன் நினைத்திருக்கலாம். அது கோபம்.

*

நான்காம் பீரியட் பிளஸ் ஒன் ஏ பிரிவு. மூன்றாவது பெஞ்சில் முத்துச்செல்வியின் இடம் காலியாக இருந்தது.

மஞ்சுளா பாடத்திட்டப்படி அடுத்த பாடத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. போர்டைச் சுத்தமாக அழித்தாள்.

"உங்கள்ல எத்தனை பேர் வீட்ல ஷிப்ட்டுக்குப் போறாங்க?"

பாதிக்கு மேல் கை தூக்கினார்கள்.

"ஒரு கம்பெனியில ஒரு லைன் இருக்கு. காலையில ஆறு மணியிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் ஏ ஷிப்ட். முப்பது பேர். ரெண்டுலேர்ந்து ராத்திரி பத்து வரைக்கும் பி ஷிப்ட். அம்பது பேர். நான் நேரத்தச் சொல்றேன். லைன்ல எத்தனை பேர்னு நீங்க சொல்லணும். பத்து மணி?"

"முப்பது!"

"சாயந்திரம் நாலு?"

"அம்பது!"

"சரியா ரெண்டு மணி?"

வகுப்பு தடுமாறியது. கடைசி பெஞ்சிலிருந்து சுடலை எழுந்தான். அவன் அண்ணன் ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறான்.

"எம்பது மிஸ்!"

"எப்படிடா?"

"ஹேண்ட் ஓவர் மிஸ். போறவனும் நிப்பான், வாரவனும் நிப்பான். எங்கண்ணன் சொல்லும், அந்த நேரத்துல நிக்க இடம் இருக்காதுன்னு."

வகுப்பு சிரித்தது. மஞ்சுளாவும் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"சரி. எம்பது பேர் நிக்கட்டும். மெஷின்ல அப்போ செய்ற பீஸ் எந்த ஷிப்ட் கணக்குல ஏறும்?"

"பி ஷிப்ட்" என்றான் சுடலை யோசிக்காமல்.

"அப்ப கணக்குப்படி ரெண்டு மணிக்கு யாரோட ஆட்சி?"

"பி ஷிப்ட் மிஸ். அம்பது."

அவள் போர்டில் வரைந்தாள். முப்பதின் உயரத்தில் ஒரு கோடு. அது இரண்டு மணியில் முடியுமிடத்தில் வெற்று வட்டம். ஐம்பதின் உயரத்தில் இன்னொரு கோடு. தொடங்குமிடத்தில் நிரப்பிய வட்டம்.

"இப்ப இந்த ரெண்டையும் நெட்டுக்குத்தா கோடு போட்டு சேத்துட்டா என்ன அர்த்தம்? ரெண்டு மணிக்கு லைன்ல எத்தனை பேர்னு கேட்டா, முப்பத்தொண்ணுன்னும் சொல்லலாம், முப்பத்தஞ்சுன்னும் சொல்லலாம், நாப்பதேகால்னும் சொல்லலாம். நாப்பதேகால் ஆளு எப்படி இருப்பான்?"

இந்தத் தடவை சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"ஒரு கேள்விக்கு ஒரே பதில் வந்தாத்தான் அது சார்பு. பல பதில் வந்தா சார்பே இல்ல. அதனாலதான் சேக்கக் கூடாது. புரியுதா?"

முன் பெஞ்சில் ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள்.

"மிஸ்... சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ்ல தணிகாசலம் சார் சேக்கணும்னு சொன்னாரு. நீங்க சேக்கக் கூடாதுன்றீங்க. பரீட்சையில நாங்க எதைப் போடறது?"

சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் அவள் வாயையே பார்த்தார்கள்.

மஞ்சுளா பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் நடுவில் வெறும் தட்டிதான். சிரிப்பும் பாடமும் கேள்வியும் அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது.

தணிகாசலம் உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போர்டுக்குப் போய் சாக்பீஸை எடுத்து, வெற்று வட்டத்திலிருந்து நிரப்பிய வட்டம் வரைக்கும் அழுத்தி ஒரு கோடு இழுத்தார். சாக்பீஸ் உடைந்து விழுந்தது.

"இதைப் போடுங்க" என்றார் பிள்ளைகளிடம். "பேப்பர் திருத்தறது நான்."

போவதற்காகத் திரும்பினார்.

"அப்ப ரெண்டு மணிக்கு எத்தனை பேர்?"

மஞ்சுளாதான் கேட்டாள். தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

அவர் நின்றார். "வெளிய வா. பேசிக்கலாம்."

"வெளிய எதுக்கு? கோடு இங்கதான போட்டீங்க. பதிலையும் இங்கயே சொல்லிட்டுப் போங்க மாமா!"

மாமா என்ற வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தணிகாசலத்தின் முகம் ரத்தமாகச் சிவந்தது. அவர் வெளியே போனார். பி பிரிவுக்குப் போகவில்லை. தலைமையாசிரியர் அறைப் பக்கம் செருப்புச் சத்தம் போயிற்று.

மஞ்சுளா டஸ்டரை எடுத்தாள். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, அந்த நெட்டுக்குத்துக் கோட்டை மட்டும் அழித்தாள்.

"இதைப் போடுங்க" என்றாள்.

*

தலைமையாசிரியர் சண்முகசுந்தரம் கோபப்படுகிற மனிதர் அல்ல. அதனாலேயே அவரோடு பேசுவது கஷ்டம்.

"உட்காருங்க மேடம். தண்ணி குடிங்க."

"வேண்டாம் சார்."

"கணக்கு யார் பக்கம் சரின்னு நான் பாக்கல. எனக்கு வரலாறு மேஜர். ஆனா ஒரு சீனியர நீங்க பசங்க முன்னாடி நிறுத்திக் கேள்வி கேட்டது சரியில்ல."

"அவர் கிளாஸுக்குள்ள வந்து தப்பா கோடு போட்டது சரியா சார்?"

அவர் பேப்பர் வெயிட்டைச் சுழற்றினார்.

"சரி, நீங்க சொல்றதுதான் சரின்னே வெச்சுக்குவோம். ஸ்பெஷல் கிளாஸ்ல அவர் சொன்னதக் கேட்டு சேத்துப் போட்ட உங்க ஏ பிரிவுப் பிள்ளைங்க நிறைய பேருக்கு ஃபுல் மார்க் விழுந்திருக்கு. அதையெல்லாம் இப்ப பிடுங்கிடலாமா? அவங்கள்ல பத்துப் பேர் ஃபெயில் ஆவாங்க. அவங்களையும் தொழிற்பிரிவுக்கு அனுப்பிடலாமா? சொல்லுங்க."

மஞ்சுளாவுக்கு இது தோன்றவே இல்லை.

"பிடுங்க வேண்டாம் சார்" என்றாள். "தப்பா சொல்லிக் குடுத்தது நாம. அதுக்குப் பிள்ளைங்கள எதுக்குத் தண்டிக்கணும்? அதுங்க மார்க் அதுங்களுக்கே இருக்கட்டும். சரியா போட்டவளுக்குச் சேர வேண்டிய மார்க்க மட்டும் குடுங்க. அப்புறம் ஒரு நாள் எல்லாரையும் உக்கார வெச்சு சரியா சொல்லிக் குடுத்துடுவோம்."

"மாத்தினா எதுக்கு மாத்தினேன்னு நாலு பேர் கேப்பாங்க."

"சொல்லுவோம்."

"அது நடக்காது மேடம்." இப்போதும் அவர் குரல் உயரவில்லை. "நாளைக்குப் பிரேயர்ல தணிகாசலம் சார்கிட்ட மன்னிப்புக் கேட்டுடுங்க. ரெண்டு வார்த்தை போதும். நீங்க இன்னும் டெம்பரரி ஸ்டாஃப். ஞாபகம் வெச்சுக்கங்க."

வெளியே வந்தபோது சைக்கிள் ஸ்டாண்டில் முத்துச்செல்வி காத்திருந்தாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நான் சேத்தே போட்டுடுதேன் மிஸ். சார்கிட்டச் சொல்லி எனக்கு மட்டும் மறுபரீட்சை வைக்கச் சொல்லுங்க. அவிய சொல்லுத மாதிரியே கோடு போட்டுச் சேத்துடுதேன்."

அந்தப் பெண் இதைக் கெஞ்சிக்கூடக் கேட்கவில்லை. யோசித்து, முடிவெடுத்து, ஒரு காரியம்போலச் சொன்னாள்.

மஞ்சுளாவுக்குக் காலையிலிருந்து சேர்ந்த கோபமெல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டியது.

"போட்டேன்னா கைய ஒடச்சுடுவேன்!" என்று கத்தினாள். "நீ போட்டது சரி. கேட்டுதா? சரி! அத யார் சொன்னாலும் மாத்தக் கூடாது!"

முத்துச்செல்வி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். காலையிலிருந்து அசையாமல் இருந்த முகம் கோணிக்கொண்டது.

"சரின்னா எதுக்கு மிஸ் என்னய மாடிக்கு அனுப்பினாவ?"

பதிலுக்குக் காத்திராமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

*

வல்லக்கோட்டையில் கிருத்திகைக் கூட்டம் அலைமோதியது. கூட்டத்தை முட்டித் தள்ளிப் போய், நெடுநெடுவென்று நிற்கும் முருகனை ஒரு நொடிதான் பார்க்க முடிந்தது. வெளிப் பிராகாரத்தில் ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். சுந்தராம்பாள், எழிலரசன், மஞ்சுளா. எதிரே தணிகாசலம், நெற்றி நிறைய விபூதியோடு.

பள்ளியில் நடந்தது மதியமே எழிலரசனின் செல்போனுக்கு வந்துவிட்டது. கம்பெனி கொடுத்த போன். தூக்கத்தைக் கெடுத்துச் சித்தப்பாவே பேசியிருக்கிறார்.

"மஞ்சு," என்றான் அவன், தாழ்ந்த குரலில். "நாளைக்கு ஸ்கூல்ல மன்னிப்பு கேக்கறது இருக்கட்டும். இப்ப இங்கயே சித்தப்பா கால்ல வுழு. முருகன் சந்நிதி. தப்பில்ல."

"எதுக்கு வுழணும்?"

"பசங்க எதிர்ல அவர அசிங்கப்படுத்தினியே, அதுக்கு."

"அவர் என்னை ஸ்டாஃப் ரூம்ல என்ன பேசினார்னு போன்ல சொன்னாரா?"

எழிலரசன் சித்தப்பாவைப் பார்த்தான். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"அவருக்கு வயசாயிடுச்சு மஞ்சு. புதுப் பாடம், புதுப் புக்கு. தெரியாம ஒண்ணு சொல்லியிருப்பாரு. பெருசு பண்ணலாமா?"

அதுதான் வினையாகப் போயிற்று. மருமகள் எதிர்த்துப் பேசியதைக்கூடப் பொறுத்திருப்பார்; தான் வளர்த்த பையன் பரிதாபப்பட்டதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"இன்னாடா சொன்னே? எனக்குத் தெரியாதா?" தணிகாசலம் எழுந்தே விட்டார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பினார்கள். "உன் பொண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? போன வருஷமே தெரியும்டா! காஞ்சிபுரத்துல ட்ரெய்னிங். என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவன் ஒருத்தன், என்னை எழுப்பிப் போர்டுல போடச் சொன்னான். நான் சேத்துப் போட்டேன். அத்தினி பேரும் சிரிச்சான். இப்ப நான் போய் பசங்க எதிர்ல நின்னு, இத்தினி வருஷம் சொன்னதெல்லாம் தப்புன்னு சொல்லணுமா? அடுத்த வருஷம் ரிடையர் ஆவப்போறேன். எவன் எனக்கு மாலை போடுவான்?"

மஞ்சுளா அவரையே பார்த்தாள்.

ஒரு வாரமாக அவர் தெரியாதவர் என்றுதான் நினைத்திருந்தாள். தெரியாதவரிடம் என்ன கோபப்படுவது என்று இரவில் தன்னைத் தானே சமாதானம்கூடச் செய்துகொண்டிருந்தாள். இப்போது அந்தச் சமாதானம் பொடிப்பொடியாகப் போயிற்று.

"தெரிஞ்சு சுழி போட்டீங்களா?" என்றாள். கத்தவில்லை. கத்த முடியவில்லை. "அது சரின்னு தெரிஞ்சு, அந்தப் பொண்ண வெளிய அனுப்பினீங்களா?"

"ஒரு பொண்ணு. தொழிற்பிரிவுல படிச்சா இன்னா கொறஞ்சு பூடும்? எப்படியும் ரெண்டு வருஷத்துல கம்பெனிக்குத்தான் போவும்."

"அத முடிவு பண்ண நீங்க யாரு?"

சுந்தராம்பாள் இவ்வளவு நேரமும் பிரசாதத் தொன்னையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வெற்று வட்டமும் நிரப்பிய வட்டமும் அவளுக்கு என்றைக்கும் புரியப்போவதில்லை. ஆனால் கடைசி நாலு வாக்கியம் புரிந்தது.

"தெரிஞ்சேவா பண்ணினே, தம்பி?" என்றாள்.

தணிகாசலம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அண்ணி, இது ஸ்கூல் விவகாரம். நீங்க தலையிடாதீங்க. நாளைக்குப் பிரேயர்ல இவ மன்னிப்புக் கேக்கல, நான் உங்க வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். அவ்ளோதான்."

கூட்டத்தில் புகுந்து போய்விட்டார்.

எழிலரசன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மஞ்சுளா அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். சித்தப்பாவைத் திட்ட வேண்டாம். அவளைப் புகழவும் வேண்டாம். இது அநியாயம் என்று ஒரு வார்த்தை போதும்.

அவன் பைக் சாவியை எடுத்தான். "கெளம்பலாம்" என்றான்.

*

சுந்தராம்பாளைப் பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டுக் கிளம்பினார்கள். இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. ரோட்டில் டிரெய்லர் லாரிகள் வரிசையாக ஊர்ந்தன.

ஒரகடம் கூட்டு ரோடு நெருங்கும்போது எழிலரசன் திரும்பாமலே சொன்னான்.

"இன்னிக்கு நைட்டு ஷிப்ட்டுக்கு லீவு போட்டுடறேன். காலையில நானும் ஸ்கூலுக்கு வரேன்."

"எதுக்கு?"

அவன் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான்.

"யார் பக்கத்துல நிக்கறதுக்குங்க வர்றீங்க?"

பக்கத்தில் போன லாரி ஹாரன் அடித்தது. ஹாரன் நின்ற பிறகும் அவன் பதில் சொல்லவில்லை.

"வண்டிய நிறுத்துங்க."

"இன்னா மஞ்சு..."

"நிறுத்துங்கன்றேன்ல!"

அவன் நிறுத்தினான். அவள் இறங்கிப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். கூட்டு ரோட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை லைன் வீடுகள். தெற்கத்திக்காரர்கள் குடியிருக்கும் இடம். நாளைக் காலை பிரார்த்தனைக்கு முத்துச்செல்வியின் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவது என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டாள். இவர் மகள் போட்டது சரி, தெரிந்தே தப்பென்று திருத்தினார்கள் என்று எல்லார் முன்னாலும் சொல்வது. வேலை போனால் போகட்டும்.

அடிபம்பு பக்கத்தில் நின்ற பெண்ணிடம் விசாரித்துக் கதவைத் தட்டினாள்.

மாரிராஜ் திறந்தார். தோளில் மூட்டை தூக்கிய தழும்பு. அவளை அடையாளம் தெரிந்ததும் அவர் முகம் இறுகியது.

"கணக்கு டீச்சரா? வாங்கன்னு சொல்ல எனக்கு மனசில்ல. கோவிச்சுக்கிடாதிய."

"முத்துச்செல்விய பாக்கணுங்க."

"நீங்கதான போட்டது சரின்னு சொன்னிய? எம் மவ வந்து சொன்னா. நான் எட்டாப்பு படிச்சவன். எனக்கு ஒண்ணுதான் புரியல. சரின்னா, சரிக்கு மார்க்கு எங்க டீச்சர்?"

"அதுக்குத்தான் வந்தேன். நாளைக்குக் காலையில நீங்க என்கூட வரணும். அவளையும் கூப்பிடுங்க."

"அவ எங்க இருக்கா கூப்பிட?" மாரிராஜின் குரல் உடைந்தது. "கணக்கு இல்லாம அந்தப் பள்ளிக்கூடத்துல உக்கார மாட்டேன்னுட்டா. ஏஜென்ட் ஒருத்தன் ஒரு மாசமா சுத்திக்கிட்டு இருந்தான், பொம்பளப் பிள்ளைய கம்பெனி லைன் வேலைக்கு வேணும், ஹாஸ்டல் உண்டுன்னு. நான் குடோன்லேர்ந்து வாரதுக்குள்ள அவளே போய் அவங்கிட்டச் சொல்லியிருக்கா. இப்பத்தான் வேன்ல ஏறிப் போறா. அவ அம்மை அழுதுக்கிட்டே பின்னால ஓடியிருக்கா. நிக்கலியாம்."

"அவளுக்குப் பதினாறுதானங்க ஆகுது!"

"பதினெட்டுன்னு அவன் சொல்லச் சொன்னானாம்."

"வேன் எந்தப் பக்கம் போச்சு?"

அவர் கை நீட்டிக் காட்டினார். படப்பைப் பக்கம்.

மஞ்சுளா திரும்பினாள். தெருமுனையில் பைக் நின்றிருந்தது. எழிலரசன் எவ்வளவு நேரமாக அங்கே இருந்தான், எவ்வளவு கேட்டான் என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. நாளைக்கு அவன் யார் பக்கம் நிற்பான் என்பதும் இந்த நிமிடம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஓடிப்போய்ப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"ஓட்டுங்க" என்றாள். "அந்த வேன புடிக்கணும்."

எழிலரசன் ஒரு கணம் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கிக்கரை உதைத்தான்.